அவனுக்கே சந்தேகம் இருக்கும்போது

பொறியியல் கல்லூரியில் ஒரு பையன் திடீரென்று படிப்பில் சறுக்கினால் ஸ்டாஃப் ரூமில் மூன்று கேள்விகள் எழும். லவ்வா? போனா? கஞ்சாவா? பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் விடையாக இருக்கும். அதனாலேயே யாரும் நான்காவதாக ஒன்றைக் கேட்பதில்லை. முதல் வருடம் எட்டுக்கு மேல் சிஜிபிஏ எடுத்தவன் நாலாவது செமஸ்டரில் ஐந்து அரியர் வைக்கிறான். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மெஸ்ஸுக்கு வருகிறான். ராத்திரி விழித்திருக்கிறான், பகலில் தூங்குகிறான். கிரிக்கெட் டீமிலிருந்து யாரிடமும் சொல்லாமல் நின்றுவிட்டான். திமிர் என்கிறார் ஒருவர். சோம்பேறித்தனம் என்கிறார் இன்னொருவர். அப்பாவை வரச்சொல்லி, கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்துவிடுவோம்.

கேட்கப்படாத அந்த நான்காவது கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. “தம்பி, சுத்தி இருக்கறதெல்லாம் உனக்கு வித்தியாசமா தெரியுதா?”

நீளமான பதிவுதான். பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். நான் மருத்துவர் இல்லை. பல வருடங்களாகக் கிளாஸ் அட்வைசராக இருக்கும் ஆசிரியை. இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன், மனநல மருத்துவர்களைக் கேட்டேன், பெற்றோர்களோடு ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

இல்லாத குரல் காதில் விழுவது, யாரோ தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது, பேச்சு கோவையில்லாமல் போவது. நடப்பது எது, மனம் காட்டுவது எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும் இந்த நிலையைத்தான் மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்கிறார்கள். மனச்சிதைவு என்று நாம் சொல்லும் ஸ்கிசோஃப்ரினியா அதில் ஒரு வகை. பைபோலார் கோளாறிலும், கடுமையான மனச்சோர்விலும், போதைப் பழக்கத்திலும், சில பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகும்கூட இந்த நிலை வரலாம். நூறு பேரை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய மூன்று பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைக் கடக்கிறார்கள். பெரும்பாலும் அது தொடங்குவது பள்ளி முடிந்து கல்லூரி, வேலை என்று போகிற வயதில். பையன்களுக்குப் பெண்களைவிடச் சற்று முன்பாகவே வருகிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரே நாளில் வந்ததுபோலத்தான் இருக்கும். “நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தான்” என்று சொல்லாத அம்மாவை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து பேசினால் அந்த ‘நேத்து’ பின்னால் போய்க்கொண்டே இருக்கும். பொங்கலுக்கு வந்தபோதே சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கு முன்னால் தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வந்தபோது அறையை விட்டு வெளியே வரவில்லை. அதற்கும் முன்னால், டி.வி. சத்தம் தாங்கவில்லை என்று காதைப் பொத்திக்கொண்டான். ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. முதல் பெரிய உடைவுக்கு முன்னால் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், அறிகுறிகள் மெல்லத் தலைகாட்டும் ஒரு முன்னோட்டக் காலம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் உள்ளே என்ன நடக்கிறது? என் அறைக்கு வந்த ஒரு மாணவன் சொன்னதை, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான், இங்கே எழுதுகிறேன்.

“மேம், நான் லேபுக்குள்ள வந்தா எல்லாரும் பேச்சை நிறுத்துற மாதிரி இருக்கு. என்னைப் பத்திதான் பேசிட்டு இருந்தாங்கன்னு தோணுது. அப்படியெல்லாம் இருக்காதுன்னும் தெரியுது மேம். ஆனா தோணுறது நிக்கல.”

போனில் வரும் விளம்பரம் தன்னைக் குறிவைத்து எதையோ சொல்வதுபோல இருப்பதாகவும் சொன்னான். ஹாஸ்டல் காரிடாரில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது, திரும்பினால் யாரும் இல்லை. பாடத்தில் ஒரு வரி படித்தால் அடுத்த வரிக்குள் முதல் வரி காணாமல் போகிறது. மின்விளக்கு வெளிச்சம் கூசுகிறது. சின்னச் சின்னத் தற்செயல்களுக்கெல்லாம் அர்த்தம் இருப்பதுபோலத் தெரிகிறது.

அவன் சொன்னதில் எனக்குப் பெரிதாகப் பட்டது ‘அப்படியெல்லாம் இருக்காதுன்னும் தெரியுது’ என்ற வாக்கியம்தான். தோன்றுவதை அவன் முழுக்க நம்பவில்லை. அதைப் பற்றி இன்னொருவரிடம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறான். முழு சைக்கோசிஸில் இந்தச் சந்தேகம் போய்விடும். அப்புறம் நீங்கள் டாக்டரிடம் போகலாம் என்றால், நீங்களும் சதியில் ஒரு ஆள். தனக்குத் தோன்றுவதைத் தானே சந்தேகிக்கிற அந்தக் காலம்தான் அவனிடம் நாம் பேசக்கூடிய காலம். நான் படித்த ஆயிரம் விஷயங்களில் மற்றவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைப்பது இந்த ஒன்றைத்தான்.

இந்த முன்னோட்டக் காலத்தை முதலில் முறையாகப் பிடிக்க முயன்ற ஊர் மெல்பர்ன். அங்கே பாட்ரிக் மெக்கோரி, அலிசன் யுங் என்ற இரண்டு மனநல மருத்துவர்களும் அவர்களுடைய குழுவும் 1994-ல் ‘பேஸ்’ என்ற கிளினிக்கைத் தொடங்கினார்கள். அதை மனநல மருத்துவமனைக்குள் வைக்காமல், எல்லாப் பிள்ளைகளும் வந்துபோகும் இளையோர் நல மையத்தில் வைத்தார்கள். பதினெட்டு வயதுப் பெண் எந்த வாசல் வழியாகக் கூச்சமில்லாமல் நுழைவாள் என்று யோசித்திருக்கிறார்கள். நம் ஊரில் மனநலப் பிரிவு ஓ.பி. என்ற போர்டைப் பார்த்ததும் வாசலிலேயே திரும்பிவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும் என்பதால் இந்தச் சின்ன முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

யார் ஆபத்து நிலையில் இருக்கிறார்கள் என்பதற்கு அவர்கள் மூன்று வழி வைத்தார்கள். என் மாணவன் சொன்னது போன்ற அரைகுறை அனுபவங்கள் அடிக்கடி வருவது முதல் வழி. முழு சைக்கோசிஸே வந்து, ஒரு வாரத்துக்குள் தானாக மறைந்துவிடுவது இரண்டாவது. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்து, பிள்ளையின் அன்றாடச் செயல்பாடு சமீபத்தில் நன்றாகக் குறைந்திருப்பது மூன்றாவது. இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் பக்குவமாகக் கேள்வி கேட்டு, பதில்களை எடைபோட வேண்டும். அவ்வளவுதான் கருவி.

அப்படி அடையாளம் காணப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது? மெல்பர்னின் முதல் ஆய்வில் ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய 40 சதவீதம். அப்புறம் உலகம் முழுக்க இப்படிப்பட்ட கிளினிக்குகள் வந்தன. எல்லாவற்றையும் சேர்த்து 2012-ல் போட்ட கணக்கில் ஒரு வருடத்தில் 22 சதவீதம், மூன்று வருடத்தில் 36 சதவீதம். இந்த எண்ணை இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். சாதாரண மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் மிகப் பெரிய ஆபத்து. அதே சமயம், மூன்றில் இரண்டு பேருக்கு அந்தக் காலத்துக்குள் வரவே இல்லை. அந்த இரண்டு பேரிடம் ‘உனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறது’ என்று சொல்லிவிட்டோமானால்? பெண் பார்க்கப் போகும் இடத்தில், வேலைக்குப் போகும் இடத்தில், சொந்த அப்பாவின் கண்ணில், அந்தச் சொல் அவர்களை விடுமா?

இந்தக் கவலை மருத்துவ உலகத்துக்குள்ளேயே பெரிய சண்டையாக நடந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல் தங்கள் நோய்ப் பட்டியலைப் புதுப்பித்தபோது, இந்த ஆபத்து நிலையை அதிகாரபூர்வமான நோயாகச் சேர்க்கலாமா என்று நீண்ட விவாதம் வந்தது. கடைசியில் ‘இன்னும் ஆராய வேண்டியவை’ என்ற பின்பகுதியில்தான் அதற்கு இடம் கொடுத்தார்கள். சரியான முடிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆபத்து நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இன்றைக்கு உதவி வேண்டும். நாளைக்கு வரலாம் என்கிற நோயின் பெயர் இன்றைக்கே வேண்டியதில்லை.

என்ன உதவி? இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதலை எழுதும் நைஸ் அமைப்பு 2014-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆபத்து நிலையில் இருப்பவர்களுக்கு, நோயைத் தடுக்கிறோம் என்று சைக்கோசிஸ் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். சிந்தனைகளைப் பரிசோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சையைக் கொடுங்கள், குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வைத்தியம் பாருங்கள். உண்மையில் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் டாக்டரிடம் வருவது மனச்சோர்வும் தூக்கமின்மையும் தாங்காமல்தான்.

இடையில் மீன் எண்ணெய் ஒரு பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது. வியன்னாவில் 81 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. மீன் எண்ணெய் எடுத்தவர்களில் 5 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, எடுக்காதவர்களில் 27 சதவீதத்துக்கும் மேல். எவ்வளவு நல்ல செய்தி! ஆனால் 304 பேரை வைத்துப் பல நாடுகளில் செய்த அடுத்த ஆய்வு 2017-ல் வந்தபோது இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. வாட்ஸ்அப்பில் யாராவது ஒமேகா மாத்திரையை அனுப்பி ‘மூளைக்கு நல்லது, புத்தி பேதலிக்காது’ என்றால் இதை நினைவில் வையுங்கள்.

கிளினிக் வைப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதை லண்டன் அனுபவம் காட்டியது. 2001 முதல் தெற்கு லண்டனில் ‘ஒயாசிஸ்’ என்ற அருமையான சேவை நடக்கிறது. ஆனாலும் அதே பகுதியில் முதல் சைக்கோசிஸோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில், முன்பே அங்கே போயிருந்தவர்கள் மிக மிகக் குறைவு. கதவு திறந்திருந்தும் ஆட்கள் வரவில்லை. வரவேண்டியவர்களுக்கு அது தங்களுக்கான கதவு என்று தெரியவில்லை.

அந்த இடத்தில்தான் நார்வே நாட்டு ஸ்டாவாங்கர் வருகிறது. என்னை அதிகம் யோசிக்கவைத்த ஊர் இதுதான்.

ஸ்டாவாங்கர் ரோகாலாந்து மாவட்டத்தில் கடலோரம் இருக்கும் எண்ணெய் நகரம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒருவருக்கு சைக்கோசிஸ் வெளிப்படையாகத் தொடங்கி, முதல் முறையாகச் சிகிச்சை கிடைக்கும்வரை ஆன காலத்தைக் கணக்கிட்டார்கள். பாதிப் பேருக்கு 26 வாரங்களுக்கு மேல். அரை வருடம்! குரல்கள் கேட்டுக்கொண்டு, பயந்துகொண்டு, யாரும் எதுவும் செய்யாமல் அரை வருடம். 1997 முதல் 2000 வரை அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம். ரேடியோ. சினிமா தியேட்டர். வீட்டுக்கு வீடு துண்டுப்பிரசுரம். பள்ளி ஆசிரியர்களுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் வகுப்பு. இதோடு ஒரு குழு. அதற்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். மருத்துவரின் சீட்டு தேவையில்லை. அம்மா கூப்பிடலாம், வகுப்பாசிரியர் கூப்பிடலாம், பையனே கூப்பிடலாம். 24 மணி நேரத்துக்குள் சந்தித்துப் பேசுவார்கள்.

அந்த 26 வாரம் 5 வாரமாகக் குறைந்தது. இந்தப் பிரசாரம் நடக்காத ஆஸ்லோவின் ஒரு பகுதியையும் டென்மார்க்கின் ரோஸ்கில்டே நகரத்தையும் ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே 16 வாரம். ஸ்டாவாங்கரில் சீக்கிரம் வந்தவர்கள் நோய் முற்றாமல் வந்தார்கள். தற்கொலை எண்ணத்தோடும் முயற்சியோடும் வந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். பத்து வருடம் கழித்து மறுபடியும் தேடிப்போய்ப் பார்த்தபோது, நோயும் அடங்கி, வேலை, வீடு, நட்பு என்று சொந்தக் காலில் நிற்கும் அளவுக்கு மீண்டவர்கள் ஸ்டாவாங்கர் பக்கம் 31 சதவீதம், மற்ற பக்கம் 15 சதவீதம். இரு மடங்கு! மாத்திரை எல்லா ஊரிலும் ஒரே மாத்திரைதான். மாறியது, எத்தனை சீக்கிரம் வந்தார்கள் என்பது மட்டும்.

பிறகு விளம்பரத்தை நிறுத்தினார்கள். குழு அப்படியே இருந்தது, போன் நம்பர் அப்படியே இருந்தது. ஊருக்குச் சொல்வது மட்டும் நின்றது. 5 வாரம் மறுபடி 15 வாரத்துக்கு ஏறிவிட்டது. இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் வேறு எதுவும் படிக்கவில்லை. மனித மனம் நல்ல செய்தியைக்கூட இரண்டு வருடத்தில் மறந்துவிடுகிறது. சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, ஸ்டாவாங்கர் சிறிய பணக்கார ஊர் என்று சொல்லலாம். பணம் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 21 மாநிலங்களில் 34 கிளினிக்குகளில் 404 பேரை வைத்து நடந்த ‘ரெய்ஸ்’ ஆய்வில், சிகிச்சை கிடைக்கும் முன் பாதிப் பேர் 74 வாரங்களுக்கு மேல் தவித்திருந்தார்கள்.

நம் பக்கம் வருவோம். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கியது ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம். அவரும் தாரா போன்ற அடுத்த தலைமுறை மருத்துவர்களும் மனச்சிதைவு பற்றி இந்த மண்ணிலிருந்து உலகத்துக்குச் சொன்னது நிறைய. 1981-ல் சென்னையில் முதல்முறை நோயோடு வந்த 90 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஓரளவுக்கு நல்ல நிலைக்கு வந்தார்கள் என்பது, இந்த நோய் வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு நேரான பதில். அதே நகரத்தில் வீடு வீடாகப் போய் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், மனச்சிதைவு இருந்தவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஒருமுறைகூட மருத்துவரைப் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே ஊரின் உண்மை.

அண்மையில் ஸ்கார்ஃபும் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வேலை செய்தன. அசோக் மல்லா, ஸ்ரீவித்யா ஐயர் போன்றவர்கள் இதில் முக்கியமானவர்கள். முதல் சைக்கோசிஸோடு வந்த இளைஞர்களுக்குச் சென்னையிலும் மான்ட்ரியாலிலும் ஒரே மாதிரியான சிகிச்சையை இரண்டு வருடம் கொடுத்து ஒப்பிட்டார்கள். குரல்கள், சந்தேகங்கள் அடங்குவதில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் எதிலும் பிடிப்பில்லாமல், பேசாமல், முகத்தில் உணர்ச்சியில்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த நிலை சென்னையில் நன்றாகவே குறைந்திருந்தது. இன்னொன்று, சென்னையில் குடும்பத்தினர் சிகிச்சைக் குழுவோடு தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நம் அம்மாக்கள் விடமாட்டார்கள். டோக்கன் போட்டு, பஸ் பிடித்து, தூக்குச்சட்டியில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மான்ட்ரியாலில் இந்த அளவுக்கு இல்லாத ஒரு பலம் இது.

அந்தப் பலமே தவறான திசையில் போகும்போதுதான் மனது வலிக்கிறது. ‘கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்’ என்ற யோசனை இன்னும் சாகவில்லை. சரியாகாது. தூக்கம் கெட்டு, மனம் கலங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அழுத்தம் வேறில்லை. வந்து சேரும் இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குச் செய்யும் துரோகமும்கூட. ‘செய்வினை’ என்று மாந்திரீகரிடம் போய் நகையை அடகு வைக்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு தொடக்க காலம் இருந்திருக்கும். ‘எனக்கு ஏதோ மாதிரி இருக்கு’ என்று யாரிடமாவது சொல்லியிருப்பார்கள்.

இதற்காகக் கோயிலுக்கோ தர்காவுக்கோ போகாதீர்கள் என்று நான் எந்த அம்மாவிடமும் சொல்வதில்லை. குணசீலம் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வாருங்கள், அந்த வாரமே டாக்டரையும் பாருங்கள் என்பேன். ஏர்வாடியிலேயே இப்போது தர்காவை ஒட்டி அரசு மருத்துவர்கள் சிகிச்சை தருகிறார்கள், பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே நடக்கிறது. சாமியாடுவதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கொடை விழாவில் அருள் வந்து ஆடுகிறவர் மறுநாள் காலை வயலுக்குப் போய்விடுவார். ஊருக்கே அது புரிந்த மொழி. இறந்துபோன தாத்தாவின் குரல் கேட்டது என்று பேத்தி சொன்னால் அதுவும் பெரும்பாலும் துக்கம்தான். பார்க்க வேண்டியது என்னவென்றால், அந்த அனுபவம் அவரைப் பயமுறுத்துகிறதா, ஒவ்வொரு மாதமும் கூடுகிறதா, சாப்பாடு, தூக்கம், படிப்பு, நட்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பறிக்கிறதா என்பது.

கஞ்சாவைப் பற்றி ஒரு பத்தி தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டாஃப் ரூமின் மூன்றாவது கேள்வி தவறான கேள்வியில்லை, பாதியில் நின்றுபோன கேள்வி. ஐரோப்பாவின் பல நகரங்களில் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், வீரியமான கஞ்சாவைத் தினமும் புகைத்தவர்களுக்கு சைக்கோசிஸ் வரும் வாய்ப்பு, தொடவே தொடாதவர்களைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஆகவே கஞ்சா என்று தெரிந்ததும் சஸ்பெண்ட் ஆர்டரை அடித்துக் கையில் கொடுத்துவிட்டால், அதிக ஆபத்தில் இருக்கும் பிள்ளையைத்தான் நாம் கேட்டுக்கு வெளியே தள்ளுகிறோம். சில பேர் உள்ளே ஏற்கெனவே எழுந்துவிட்ட பயத்தை அடக்கத்தான் அதைத் தொடவே செய்கிறார்கள். அடக்காது, கிளப்பும். அதை அவர்களுக்கு அன்பாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அப்படியானால் எப்படிப் பேசுவது? பேச்சில் இரண்டு பக்கம் வழுக்கும். ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா கண்டதை யோசிக்காதே’ என்று தட்டிவிட்டால் அவன் இனி உங்களிடம் சொல்லமாட்டான். ‘ஆமாம்டா, எனக்கும் அந்த பசங்க மேல சந்தேகம்தான்’ என்று ஒத்து ஊதினால் அவனுடைய பாதி நம்பிக்கையை நீங்களே முழுசாக்கிவிடுவீர்கள். நான் அந்த மாணவனிடம் கேட்டது இதுதான்: “அப்படித் தோணும்போது பயமா இருக்குமாப்பா? எந்த நேரத்துல அதிகமா இருக்கு? நல்லா தூங்கின நாள்ல குறையுதா?” அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தூங்காத நாளில்தான் அதிகம் என்றான். தன் அனுபவத்தைத் தானே தள்ளி நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டான். அன்றைக்கு அதற்குமேல் எதுவும் பேசவில்லை. டாக்டரிடம் போகலாம் என்பதையும்கூட ‘தூக்கத்துக்காகப் போய்ப் பார்ப்போம்’ என்றுதான் சொன்னேன். பொய்யில்லை. தூக்கம்தான் அவனுடைய பெரிய கஷ்டம், டாக்டரும் முதலில் அதைத்தான் எடுத்துக்கொண்டார்.

அவனை ஹாஸ்டலிலிருந்து மாற்றி ஊருக்குள் சித்தி வீட்டில் தங்கவைத்தார்கள். இரண்டு அரியரை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளினோம். கல்லூரியை விட்டு நிறுத்த வேண்டாம் என்று அவன் அப்பாவிடம் நான் கெஞ்சாத குறை. “ஒரு வருஷம் வீட்ல இருக்கட்டும் டீச்சர், தேறட்டும்” என்றார். வீட்டில் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வருடம் இருந்தால் எப்படித் தேறுவான்? வகுப்பு, நண்பன், காலையில் எழுந்து குளித்துப் பிடிக்க வேண்டிய ஒரு பஸ், இதெல்லாம்தான் அவனை நம்மோடு கட்டிவைத்திருக்கிறது. சுமையைக் குறைக்கலாம், தொடர்பை அறுக்கக் கூடாது. சி.பி.டி.யைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு இளம் உளவியலாளர். லேபில் எல்லோரும் பேச்சை நிறுத்துகிறார்களா என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்டு வரச்சொன்னாராம். அவனுக்கு அது நோயாக மாறவில்லை. இப்போது வேலையில் இருக்கிறான்.

இன்னொரு மாணவிக்கு மாறியது. எல்லாம் சரியாகச் செய்தும் மாறியது. ஆனால் அவளுக்கு டாக்டரைத் தெரியும், டாக்டருக்கு அவளைத் தெரியும். குரல்கள் அதிகமானபோது அவளே அம்மாவை எழுப்பி, “போகலாம்மா” என்று சொல்லியிருக்கிறாள். கட்டிவைத்து வேனில் ஏற்றிக்கொண்டு போகும் கொடுமை அந்த வீட்டில் நடக்கவில்லை. வாரக்கணக்கான தாமதமும் இல்லை. மாத்திரை ஆரம்பித்தாள். டிகிரியை ஒரு வருடம் தாமதமாக முடித்தாள். ஆபத்து நிலையில் தொடர்ந்து கவனிப்பதன் பலன் தடுப்பது மட்டுமில்லை என்று எனக்குக் காட்டியவள் அவள்தான்.

காத்திருக்கவே கூடாத நேரங்களும் உண்டு. செத்துப்போகலாம் என்று பேசினால், ‘இதைச் செய், அதைச் செய்’ என்று குரல் கட்டளையிடுவதாகச் சொன்னால், நாள்கணக்கில் தூங்காமலும் சாப்பிடாமலும் இருந்தால், அன்றைக்கே மருத்துவமனை. எந்த ஆஸ்பத்திரி என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, இலவசம். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம், அம்மா பேசலாம், ரூம்மேட்டும் பேசலாம். இந்த நம்பரை எங்கள் ஹாஸ்டல் மெஸ் போர்டில், அன்றைய மெனுவுக்குப் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். அழிந்தால் மறுபடி எழுதுகிறோம். தியேட்டரில் புகையிலை எச்சரிக்கை விளம்பரம் போடுகிற நாட்டில் இதற்கும் அரை நிமிடம் ஒதுக்க முடியாதா? ரேஷன் கடைச் சுவரில், காலேஜ் ஐடி கார்டின் பின்பக்கத்தில்? ஸ்டாவாங்கர் செய்தது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது, நம் பல்ஸ் போலியோ பிரசாரத்தைவிடச் சின்ன வேலை.

முதல்முறை ஓ.பி.க்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எப்போதிலிருந்து தூக்கம் கெட்டது, எப்போது நண்பர்களை விட்டது, மார்க் எப்போது இறங்கியது என்று ஒரு தாளில் தேதிவாரியாக எழுதிக்கொண்டு போங்கள். அந்தப் பதற்றத்தில் எதுவும் ஞாபகம் வராது. சொந்தத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால் மறைக்காதீர்கள். பிள்ளையை டாக்டரோடு தனியாகப் பேச விடுங்கள், நீங்கள் வெளியே காத்திருங்கள். தைராய்டு மாதிரி சில ரத்தப் பரிசோதனைகள் எழுதினால் எடுத்துவிடுங்கள், உடல் கோளாறும் இப்படிக் காட்டலாம். ஐந்தே நிமிடத்தில் மாத்திரைச் சீட்டு வந்தால், இது எதற்கு, எத்தனை நாளைக்கு என்று மரியாதையாகக் கேளுங்கள். ‘இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாங்க, பார்த்துக்கலாம்’ என்று சொன்னால் உங்களைத் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்காதீர்கள். இந்த நிலையில் அதுதான் வைத்தியம். அடுத்த தேதியைச் சனிக்கிழமையாகக் கேட்டுப் பாருங்கள், அட்டென்டன்ஸ் போகாமல் இருக்கும்.